காற்று லைன் தெர்மல் ஃப்ளோ மீட்டர்: எந்த அறிகுறிக்கு எங்கே தேடுவது

பல்லடம், சோமனூர் பக்கம் ஏர்ஜெட் தறி (காற்றை ஊதி நூலைச் செலுத்தும் தறி) ஓடும் ஷெட்டுகளில் முதலாளியின் தூக்கத்தைக் கெடுப்பது கம்ப்ரஸரின் கரண்ட் பில். காற்று எங்கே எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள மெயின் லைனில் ஒரு தெர்மல் ஃப்ளோ மீட்டர் போடுகிறார்கள். சில மாதம் கழித்து போன் வரும்: "அண்ணா, மீட்டர் தப்பு தப்பா காட்டுது, சென்சார் போயிருச்சுங்க." பெரும்பாலும் சென்சார் போயிருக்காது. குழாய்க்குள் தண்ணீர், முனையில் எண்ணெய், மெனுவில் தவறான குழாய் விட்டம், இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். புது ப்ரோப்புக்கு (குழாய்க்குள் இறங்கும் உணரித் தண்டு) ஆர்டர் போடும் முன் இந்த வரிசையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். ப்ரோப் முனையில் இரண்டு பிளாட்டினம் உணரிகள். ஒன்று காற்றின் வெப்பநிலையைப் பார்க்கும். இன்னொன்றை மீட்டர் சூடாக வைத்திருக்கும். காற்று வேகமாகப் போனால் சூடு சீக்கிரம் இறங்கும். அதை ஈடுகட்ட எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கிறதோ அதை வைத்து ஓட்டம் கணக்காகிறது. பிழை தேட ஒரே விதி போதும்: சூட்டைக் கூடுதலாக இழுப்பது எதுவானாலும் ரீடிங் ஏறும், சூட்டை வெளியே விடாமல் மூடுவது எதுவானாலும் ரீடிங் இறங்கும்.

## கை வைக்கும் முன்

மெனுவில் உள்ள எல்லா செட்டிங்கையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் 'ரீசெட்' அழுத்திவிட்டால் பழைய எண்களைத் தேடி அலைவது பெரிய தலைவலி.

பால் வால்வு (உள்ளே உருண்டை உள்ள, கைப்பிடியைத் திருப்பி மூடும் வால்வு) வழியாக இறக்கிய ப்ரோப்பை லைனில் பிரஷர் இருக்கும்போது கழற்றுவதானால் நிதானம் வேண்டும். 7 பாரில் 10 மி.மீ. தண்டை உள்ளிருந்து தள்ளும் விசை சுமார் ஐந்தரை கிலோ; 12 மி.மீ. தண்டு என்றால் எட்டு கிலோ. கேட்க சின்னதாக இருக்கும். ஆனால் நட்டு சட்டென்று விட்டால் ப்ரோப் பறக்கும், எதிரே முகம் இருந்தால் முடிந்தது கதை. பாதுகாப்புச் சங்கிலி இருந்தால் கழற்றாதீர்கள். ஒரு கையால் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நட்டை மெதுவாக இளக்கி, தண்டை வால்வுக்கு மேலே வரும்வரை இழுத்து, வால்வை மூடிய பிறகுதான் முழுசாக வெளியே எடுக்க வேண்டும். லைனை நிறுத்தி பிரஷரை இறக்க முடியும் என்றால் அதுவே உத்தமம்.

தேவையான சாமான்: மில்லி ஆம்பியர் பார்க்கும் மல்ட்டிமீட்டர், டார்ச், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மெல்லிய ஓவிய பிரஷ், வெர்னியர், ஒரு வெள்ளைத் துணி. மெகரை (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மோட்டாருக்கு வைக்கும் பழக்கத்தில் 500 வோல்ட்டை இந்த உணரிக்கு வைத்தால் நல்ல மீட்டரும் அன்றோடு சரி.

## அறிகுறி 1: டிஸ்ப்ளேயில் உயிரே இல்லை

முதலில் மீட்டரின் டெர்மினலிலேயே வோல்ட்டேஜ் பாருங்கள். பேனலில் 24 இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் சொல்வது போதாது. இந்த வகை மீட்டர் உள்ளே ஒரு ஹீட்டரைச் சூடாக வைத்திருப்பதால் சாதாரண பிரஷர் டிரான்ஸ்மிட்டரைவிட அதிகக் கரண்ட் எடுக்கும். சொலினாய்டு வால்வுகளோடு சேர்த்து ஒரே எஸ்.எம்.பி.எஸ்.ஸில் (24 வோல்ட் தரும் பவர் சப்ளை) மாட்டியிருந்தால், வால்வு இழுக்கும் நேரத்தில் வோல்ட்டேஜ் சரிந்து மீட்டர் மறுபடி மறுபடி ஸ்டார்ட் ஆகும். டிஸ்ப்ளே வந்து வந்து போகிறது என்றால் இதுதான் முதல் சந்தேகம்.

அடுத்து ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா. வட்டக் கனெக்டரின் பின் வளைந்திருக்கிறதா. கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா. ஷெட்டுக்கு வெளியே ஓடும் லைனில், கேபிளை நேராக மேலிருந்து கனெக்டருக்குள் இறக்கியிருப்பார்கள். மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடும். கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, வளைத்து மேலே ஏற்றினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

டெர்மினலில் சரியான வோல்ட்டேஜ், ப்ளஸ் மைனஸும் சரி, அப்படியும் உயிர் இல்லையா? உள் போர்டு போயிருக்கிறது. திறந்து சால்டரிங் வைக்க வேண்டாம், விற்றவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 2: மீட்டரில் ஓட்டம் தெரிகிறது, பி.எல்.சி.யில் தெரியவில்லை

மீட்டர் ஓட்டத்தை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் கரண்டாக மாற்றி பி.எல்.சி.க்கு, அதாவது பேனலில் உள்ள கன்ட்ரோல் கம்ப்யூட்டருக்கு, அனுப்பும். ஒரு வயரைக் கழற்றி மல்ட்டிமீட்டரை இடையில் போட்டு மில்லி ஆம்பியர் பாருங்கள். இங்கே கிடைக்கும் எண்தான் வழி காட்டும்.

பூஜ்யம்: வயர் அறுந்திருக்கிறது அல்லது அந்த வயர்ச் சுற்றுக்கு (லூப்) யாரும் கரண்ட் கொடுக்கவில்லை. சில மீட்டர்கள் தாமே கரண்ட் கொடுக்கும், சிலவற்றுக்கு வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். பி.எல்.சி. கார்டிலும் இதே இரண்டு வகை உண்டு. இரு பக்கமும் கொடுக்காத வகை என்றால் பூஜ்யம். இரு பக்கமும் கொடுக்கும் வகை என்றால் ஒன்றோடொன்று மோதி எண் கன்னாபின்னாவென்று வரும். கார்டே போகவும் வாய்ப்புண்டு.

அசையாத 4.00: டிஸ்ப்ளேயில் ஓட்டம் இருந்தும் இப்படி என்றால் அவுட்புட் வேறு ஏதோ அளவுக்கு, உதாரணமாக வெப்பநிலைக்கு, ஒதுக்கப்பட்டிருக்கலாம். சோதனைக்காக சிமுலேஷன் போட்டவர் எடுக்க மறந்திருக்கவும் கூடும்.

3.6-க்குக் கீழே அல்லது 21-க்கு மேலே: இது ஓட்டத்தின் அளவு இல்லை, மீட்டர் தன் கோளாறைச் சொல்லும் சைகை. டிஸ்ப்ளேயில் எரர் எண் இருக்கும், மேனுவலைப் பாருங்கள்.

கணக்குப்படி சரியான எண்: முழு அளவு 1,000 என்று வைத்து, டிஸ்ப்ளே 500 காட்டினால் 12 மில்லி ஆம்பியர் வர வேண்டும், 250 என்றால் 8. வருகிறதா? மீட்டர் மேல் பழி இல்லை. பி.எல்.சி.யில் முழு அளவைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள். மீட்டரில் 1,000, பி.எல்.சி.யில் 1,200 என்று இருந்தால் எப்போதும் ஒரே விகிதத்தில் 20 சதவீதம் கூட வரும். எல்லா அளவிலும் விகிதம் மாறாமல் தப்புக் காட்டினால் ஸ்கேலிங்தான்.

டோட்டலைசர் (மொத்தக் காற்றுக் கணக்கு) மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பல்ஸ் மதிப்பைப் பாருங்கள். ஒரு பல்ஸுக்கு ஒரு கன மீட்டரா, பத்தா? பல்ஸ் வேகமாக வந்தால் சாதாரண டிஜிட்டல் இன்புட் பாதியைத் தவறவிடும். பல்ஸ் மதிப்பைக் கூட்டினால் வேகம் குறைந்து சரியாகும்.

## அறிகுறி 3: கம்ப்ரஸர் நின்றபின்னும் ரீடிங்

முதலில் உண்மையிலேயே காற்று ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள். கம்ப்ரஸர் நின்றாலும் டேங்கில் காற்று இருக்கும். தறிப் பக்கம் லீக் இருந்தால் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். முதலாளிக்குப் பிடிக்காவிட்டாலும் அந்த ரீடிங் நிஜம், மீட்டர் போட்டதற்கான காசை அது அன்றே மீட்டுக் கொடுக்கும். மீட்டருக்கு அப்புறம் உள்ள வால்வை இறுக்க மூடுங்கள். ரீடிங் விழுந்தால் லீக். விழாவிட்டால் முன்பக்க வால்வையும் மூடுங்கள்.

இரண்டும் மூடியபின் மிகச் சிறிய எண் நின்றால் பயப்பட வேண்டாம். சூடான முனையைச் சுற்றி அடைபட்ட காற்றே தானாகச் சுழலும், பிரஷர் கூடினால் இன்னும் கொஞ்சம் அதிகமாக. மெனுவில் குறைந்த ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காத 'கட் ஆஃப்' என்று ஒன்று இருக்கும், அதைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். ஆனால் அதை இஷ்டத்துக்கு ஏற்றி, லீக்கையே காணாமல் அடிப்பவர்களும் உண்டு.

எண் பெரிதாக இருந்தால் ப்ரோப்பை வெளியே எடுத்து, முனையை ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் விட்டு, ஃபேன் காற்று படாமல் வையுங்கள். அங்கே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் ப்ரோப் நல்லது, பிரச்சினை லைனில். அங்கேயும் பெரிய எண் என்றால் முனையைச் சுத்தம் செய்து, காய வைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் அதே கதை என்றால் பூஜ்யம் நகர்ந்துவிட்டது. ஜீரோ செட்டிங்கை நீங்களே மாற்றலாம் என்று மேனுவல் சொன்னால் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் காலிபரேஷனுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

## அறிகுறி 4: ரீடிங் குறைவாக வருகிறது

இதற்கு முதல் கேள்வி 'எவ்வளவு குறைவு' இல்லை, 'எப்போதிலிருந்து' என்பது. பதிலைப் பொறுத்து மூன்று வழி பிரியும்.

### மாட்டிய நாளிலிருந்தே குறைவு

குழாய் விட்டம். மீட்டர் அளப்பது காற்றின் வேகத்தை (அடர்த்தியும் அதில் சேர்ந்தே வரும்), குழாயின் குறுக்குப் பரப்பால் பெருக்கி ஓட்டமாக்குவது மெனுவில் நீங்கள் போட்ட உள்விட்டம். 80 என்.பி. (பெயரளவில் 80 மி.மீ.) பைப் என்றால் வெளிவிட்டம் 88.9 மி.மீ. உள்விட்டமோ கிளாஸைப் பொறுத்தது. ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரநிலைப்படி ஏ கிளாஸுக்கு கனம் 3.2, பி-க்கு 4.0, சி-க்கு 4.8 மி.மீ. அதாவது ஏ கிளாஸில் உள்விட்டம் 82.5, சி கிளாஸில் 79.3. விட்டத்தில் 3 மி.மீ. வித்தியாசம், ஓட்டத்திலோ 8 சதவீதம். பலர் மெனுவில் '80' என்று அப்படியே அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். பைப்பில் சுற்றியிருக்கும் கலர் பட்டையைப் பாருங்கள்: மஞ்சள் ஏ, நீலம் பி, சிவப்பு சி. பெயின்ட் அடித்து மறைந்திருந்தால் அல்ட்ராசானிக் கனம் அளவி ஒன்றை இரவல் வாங்குங்கள்.

ஆழம். முனை குழாயின் நடுவில் நிற்க வேண்டும் என்று மேனுவல் சொன்னால் நடுவில்தான் நிற்க வேண்டும். காற்று நடுவில் வேகம், சுவர் ஓரம் மந்தம். குழாயின் மேல் விளிம்பிலிருந்து வெளிவிட்டத்தில் பாதி, அதாவது 80 என்.பி.க்கு 44.5 மி.மீ., முனை இறங்கியிருக்க வேண்டும். சாக்கெட், வால்வு உயரத்தைக் கூட்டித் தண்டின் மேல் அளவைப் பாருங்கள். ஃபிட்டர் 'கைக்கு எட்டின வரை' இறக்கியிருப்பது சகஜம்.

திருப்பம். தலையில் உள்ள அம்புக்குறி குழாயோடு இணையாக, காற்று போகும் பக்கம் பார்க்க வேண்டும். டிஸ்ப்ளே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று தலையைத் திருப்பும்போது தண்டும் சேர்ந்து திரும்பிவிடும். டிஸ்ப்ளேயை மட்டும் திருப்பும் வசதி பல மீட்டர்களில் உண்டு.

நேர்க் குழாய். எல்போ, வால்வு, ஃபில்டர் ஆகியவற்றுக்கு அப்புறம் குறைந்தது 15 விட்டம் நேர்க் குழாய், மீட்டருக்குப் பின் 5 விட்டம். 80 என்.பி.க்கு முன்னால் 1.2 மீட்டர். இரண்டு எல்போ வெவ்வேறு தளத்தில் அடுத்தடுத்து இருந்தால் காற்று முறுக்கிக்கொண்டு வரும், அதற்கு இதைவிட நீளம் வேண்டும். இந்தக் குறை கூடவும் காட்டும், குறைத்தும் காட்டும். மெனுவில் எண்ணை மாற்றிச் சரிக்கட்டினால் ஒரு லோடில் ஒத்துப்போகும், இன்னொரு லோடில் தப்பும். இடத்தை மாற்றுவதுதான் வழி. வெல்டர் செலவு வரும் என்பதால் பட்டியலில் பின்னால் வைத்தேன்.

வாயு. காற்றுக்குக் காலிபரேட் செய்த மீட்டரை நைட்ரஜனில் போட்டால் பெரிய வித்தியாசம் வராது. ஆர்கானில் போட்டால் குறைவாகக் காட்டும், அது சூட்டை அவ்வளவாக எடுக்காது. ஹீலியம், ஹைட்ரஜன் நேர் எதிர். மெனுவில் வாயுவைத் தேர்வு செய்ய வசதி இருக்கிறதா பாருங்கள்.

### மாதக் கணக்கில் மெதுவாக இறங்கியது

முனையில் படலம். எடுத்துப் பார்த்தால் முனையில் உள்ள இரண்டு குட்டித் தண்டுகளில் சூடாகும் தண்டு மட்டும் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று இருக்கும், பக்கத்தில் உள்ள தண்டு கிட்டத்தட்ட சுத்தமாகவே இருக்கும். கம்ப்ரஸர் எண்ணெய் ஆவி சூட்டில் வெந்து ஒட்டி, குழாயின் துருத்தூளைப் பிடித்து வைத்திருக்கும். விரல் நகத்தால் சுரண்டத் தோன்றும்; வேண்டாம். ஆல்கஹாலை முனையில் சொட்டவிட்டு அரை நிமிஷம் ஊற விடுங்கள், பிறகு ஓவிய பிரஷால் தண்டின் போக்கிலேயே மேலிருந்து கீழே தடவுங்கள். முதல் தடவையில் டீ நிறத்தில் வழியும். தெளிவாக வழியும்வரை திரும்பச் செய்து, தானாகக் காய விடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அதுவே ஒரு படலத்தை விட்டுச் செல்லும். உப்புத்தாள், கம்பி பிரஷ், வேஸ்ட் துணி எதுவும் ஆகாது. ஏர் கன்னால் கிட்டத்தில் ஊதவும் கூடாது.

சிறிய லைனில் போடும் சில மீட்டர்களில் தண்டுக்குப் பதில் நகத்தளவு சிப் இருக்கும். அதை பிரஷாலும் தொடக் கூடாது, அது கம்பெனி வேலை.

சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கைத் தறி ஓடும்போது ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். சில வாரத்திலேயே மறுபடி படிந்தால் மீட்டரை விட்டுவிட்டு கம்ப்ரஸரின் ஆயில் செபரேட்டரையும் லைன் ஃபில்டர் எலிமென்ட்டையும் பாருங்கள். முனையில் படிகிற எண்ணெய் தறி நாசிலுக்கும், அங்கிருந்து துணிக்கும் போகிறது.

### ஒரே நாளில் இறங்கியது

அன்றைக்கு யார் அந்தப் பக்கம் வேலை செய்தார்கள் என்று விசாரியுங்கள். ஏணி சாத்தியதில் தண்டு திரும்பியிருக்கும், மெனுவில் யூனிட் மாறியிருக்கும், வேறு வழியாக ஒரு பைபாஸ் வால்வு திறந்திருக்கும். பைபாஸ்தான் பல சமயம் குற்றவாளி. மூடியதாக நினைக்கும் பழைய கேட் வால்வு முழுசாக மூடியிருக்காது.

இதெல்லாம் சரி என்றால் உணரியைச் சோதிக்கலாம். டெர்மினல் கைக்கு எட்டும் மாடலில், சப்ளையை அணைத்து, ஆறவிட்டு, வெப்பநிலை உணரியின் ஓம் பாருங்கள். பி.டி.100 (0 டிகிரியில் 100 ஓம் காட்டும் பிளாட்டினம் உணரி) என்றால் 30 டிகிரியில் சுமார் 111.7 ஓம், பி.டி.1000 என்றால் 1,117. திறந்து கிடக்கிறது அல்லது ஏறி இறங்குகிறது என்றால் ப்ரோப் மாற்ற வேண்டியதுதான். ஹீட்டர் பக்கத்தின் ஓம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவல் இல்லாமல் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

## அறிகுறி 5: ரீடிங் திடீரென்று உச்சிக்குப் போய் இறங்குகிறது

இதற்கு டிரெண்ட் கிராஃபைப் பார்ப்பதே பாதி வைத்தியம். வடிவத்தைக் கவனியுங்கள்.

செங்குத்தாக ஏறி, சில நொடி கழித்துச் சரிவாக இறங்கினால் தண்ணீர்த் துளி. சூடான முனையில் பட்ட துளி ஆவியாகும்போது ஏராளமான சூட்டைக் குடிக்கும். மீட்டர் அதைப் பெரும் ஓட்டம் என்று நம்பி 20 மில்லி ஆம்பியருக்கே போகும், துளி காய்ந்ததும் இறங்கும். ஊசி ஊசியாக, ஒழுங்கில்லாமல் இருந்தால் மின் இரைச்சல், அடுத்த அறிகுறிக்குப் போங்கள். ரம்பப் பல் மாதிரி ஒரே இடைவெளியில் வந்தால் கம்ப்ரஸர் லோடு, அன்லோடு ஆவது. அது நிஜமான ஓட்டம், சரிசெய்ய ஒன்றுமில்லை.

தண்ணீர் என்று சந்தேகமா? மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு டேப்பிங்கை (காற்று எடுக்கும் கிளை வாய்) வெள்ளைத் துணியை நோக்கிக் கொஞ்ச நேரம் திறந்து விடுங்கள். ஈரத் திட்டு தெரிந்தால் கேஸ் முடிந்தது. பிறகு இந்த வரிசையில் போங்கள்.

1. மீட்டர் டிரையருக்கு (காற்றின் ஈரத்தை எடுக்கும் மெஷின்) முன்னால் மாட்டியிருக்கிறதா? அப்படியென்றால் எத்தனை சுத்தம் செய்தாலும் தீராது, டிரையருக்குப் பின்னால் மாற்றுங்கள். முன்னால்தான் அளந்தாக வேண்டும் என்றால் இந்த வகை மீட்டரே அதற்கு ஆகாது. ஈரக்காற்றுக்கென்று பிடோட் வகை தனியாக இருக்கிறது.
2. டேங்கிலும் ஃபில்டரிலும் ஆட்டோ டிரெயின் வேலை செய்கிறதா? கையால் திறந்து பாருங்கள். கொடகொடவென்று தண்ணீர் கொட்டினால் டிரெயின் அடைத்திருக்கிறது.
3. ப்ரோப் குழாயின் அடிப்பக்கத்திலிருந்து ஏறியிருக்கிறதா? ஓடும் தண்ணீர் முழுக்க அதன் மேல்தான் போகும். மேலிருந்து இறக்குங்கள்.
4. டிரையரின் டியூ பாயின்ட், அதாவது காற்றில் உள்ள ஈரம் தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை. ரெஃப்ரிஜரேஷன் டிரையர் வழக்கமாக 3 டிகிரி வரை இறக்கும். டிஸ்ப்ளேயில் 12, 15 என்று இருந்தால் பின்பக்கம் போய் கண்டென்சரைப் பாருங்கள்.

நாலாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தறி ஷெட்டில் பஞ்சு பறக்கும். டிரையரின் கண்டென்சர் ஃபின்னில் அது கம்பளி போர்த்தின மாதிரி படியும். ஃபேன் சுற்றும், டிரையரின் உள் கம்ப்ரஸர் ஓடும், பச்சை விளக்கு எரியும், ஆனால் சூடு வெளியே போகாது. காற்று சரியாகக் குளிராமல் ஈரத்தோடு லைனுக்குள் போய், ராத்திரி குளிர்ந்த குழாயில் தண்ணீராகத் தேங்கும். வார லீவு முடிந்து வால்வைத் திறக்கும் காலையில் தேங்கியது மொத்தமும் கிளம்பி வந்து ப்ரோப்பை அடிக்கும். "திங்கட்கிழமை மட்டும் தப்புக் காட்டுது" என்று போன் வந்தால் நான் மீட்டரைப் பற்றியே கேட்பதில்லை, டிரையர் கண்டென்சரை எப்போது ஊதினீர்கள் என்றுதான் கேட்பேன். ஊதுவது அரை மணி நேர வேலை, பைசா செலவில்லை. ஊதியும் டியூ பாயின்ட் இறங்காவிட்டால் டிரையரில் குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கும், அதற்கு ஏ.சி. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் இல்லாமலே ரீடிங் நிரந்தரமாகக் கூடுதல் என்றால் ரிங் மெயினா என்று பாருங்கள். வளையமாகப் போட்ட லைனில் தறி எந்தப் பக்கம் அதிகம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் காற்று திரும்பும். பெரும்பாலான தெர்மல் மீட்டருக்கு முன்னே போவதும் பின்னே வருவதும் ஒன்றுதான், இரண்டையும் கூட்டிக்கொண்டே போகும். திசை அறியும் மாடல் வாங்குங்கள் அல்லது வளையத்துக்கு முன்னால் உள்ள ஒற்றை லைனில் மாட்டுங்கள்.

## அறிகுறி 6: எண் நிற்காமல் ஆடுகிறது

டிஸ்ப்ளேயும் ஆடுகிறதா, பி.எல்.சி.யில் மட்டும் ஆடுகிறதா? பி.எல்.சி.யில் மட்டும் என்றால் கேபிள். கம்ப்ரஸரின் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே டிரேயில் படுத்திருக்கும். வி.எஃப்.டி.யை நிறுத்தி, டேங்க் காற்றில் தறி ஓடும் சில நிமிஷத்தில் ஆட்டம் நின்றதா பாருங்கள். நின்றால் ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்து, தனி வழியில் இழுங்கள்.

டிஸ்ப்ளேயும் சேர்ந்து ஆடினால் காற்றே ஆடுகிறது. பிஸ்டன் கம்ப்ரஸருக்கு மிக அருகில், டேங்குக்கு முன்னால் மாட்டியிருந்தால் இது இயல்பு. டேங்குக்கு அப்புறம் மாற்றுங்கள். மெனுவில் டேம்பிங் (எண்ணைச் சராசரியாக்கும்) நேரத்தைக் கூட்டலாம், ஆனால் அது கண்ணுக்குத்தான் நிம்மதி தரும்.

## அறிகுறி 7: கம்ப்ரஸர் பெயர்ப் பலகையில் உள்ள சி.எஃப்.எம்.முடன் ஒத்துப்போகவில்லை

இது கோளாறு இல்லை, ஆனால் அதிகச் சண்டை நடப்பது இதில்தான். 500 சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு 500 கன அடி) கம்ப்ரஸர் என்றால் மணிக்கு சுமார் 850 கன மீட்டர். மீட்டர் 725 நார்மல் கன மீட்டர் காட்டுகிறது. "125 எங்கே போச்சு?" என்று கேட்பார்கள்.

எங்கும் போகவில்லை. கம்ப்ரஸரின் எண் அது உறிஞ்சும் இடத்தின் காற்றைச் சொல்கிறது. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம், காற்றழுத்தம் ஏறக்குறைய 965 மில்லிபார். ஷெட்டில் 32 டிகிரி. மீட்டரின் 'நார்மல்' என்பது 0 டிகிரி, 1,013 மில்லிபார். அழுத்தத்துக்கு 0.952, வெப்பத்துக்கு 0.895, இரண்டையும் பெருக்கினால் 0.85. 850-ஐ அதனால் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 725 வரும். உள்ளே போகும்போது ஆவியாக இருந்து டிரையரில் தண்ணீராக வடிந்த பங்கு இதற்கு மேல் ஒரு சில சதவீதம். வெப்பமில்லாத அட்சார்ப்ஷன் டிரையர் (ஈரத்தை மணிகளில் பிடித்து வைக்கும் வகை) என்றால் தன் சுத்திகரிப்புக்கே சுமார் 15 சதவீதக் காற்றை வெளியே விடும், அது டிரையருக்குப் பின்னால் உள்ள மீட்டருக்குத் தெரியாது.

இரண்டு மீட்டரை ஒப்பிடும்போதும் இதே வம்பு. ஒன்று 0 டிகிரி, 1,013-இலும் மற்றது 20 டிகிரி, 1,000 மில்லிபாரிலும் இருந்தால் ஒரே காற்றுக்கு 8.7 சதவீதம் வித்தியாசம் வரும். மெனுவில் இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

எண் ஏழெட்டு மடங்கு தப்பினால் யாரோ பி.எல்.சி.யில் பிரஷர் கரெக்‌ஷன் போட்டிருக்கிறார்கள். இந்த மீட்டர் நிறையை அளப்பது. அதற்கு மேல் பிரஷர் கணக்குத் தேவையில்லை, நீக்குங்கள்.

## அறிகுறி 8: தண்ணீர் லைனில் உள்ள ஃப்ளோ சுவிட்ச் தவறாக அலாரம் அடிக்கிறது

இதே தத்துவத்தில் தண்ணீருக்கும் சின்ன சுவிட்ச் வருகிறது. கம்ப்ரஸர் கூலிங் லைனிலும் மோல்டிங் மெஷினிலும் பார்க்கலாம்.

தண்ணீர் ஓடும்போதே "ஓட்டம் இல்லை" என்றால்: மெஷினை ஆன் செய்த உடனே மட்டும் வருகிறதா? முனை சூடாகி நிலைக்கு வரச் சில நொடி ஆகும், பி.எல்.சி.யில் தாமதம் கொடுங்கள். எப்போதும் வருகிறது என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கலாம். முனை மேலிருந்து இறங்கியிருந்தால் மேலே மிதக்கும் காற்றில்தான் நிற்கும், பக்கவாட்டில் மாட்டுங்கள். டீயின் கழுத்து நீளமாக இருந்து முனை ஓட்டத்துக்கு எட்டாமல் உள்ளேயே பதுங்கியிருப்பதும் உண்டு. இதெல்லாம் இல்லாவிட்டால் போர் தண்ணீர் உப்பு. வெள்ளை ஓடு கட்டி முனையை மூடிவிடும். சிட்ரிக் ஆசிட் கரைசலிலோ வினிகரிலோ ஊற வைத்தால் கழன்றுவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் போடாதீர்கள், அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முனையைப் பொத்தல் போடும்.

தண்ணீர் நின்றும் அலாரம் இல்லை என்றால்: செட் பாயின்ட் மிகக் கீழே இருக்கிறது அல்லது முனை எதிர்ச் சுவரைத் தொட்டுக்கொண்டு சூட்டைக் குழாய்க்கே கொடுக்கிறது. இது ஆபத்தான பக்கம். வாரம் ஒருமுறை வால்வை மூடி அலாரம் வருகிறதா என்று பார்ப்பது நல்லது. தண்ணீரில் கிளைகால் (உறையாமலிருக்க ஊற்றும் திரவம்) கலந்தாலும் சுவிட்சுக்கு மறுபடி 'டீச்' செய்ய, அதாவது புது திரவத்துக்குப் பழக்க, வேண்டும்.

## எப்போது வெளி ஆளிடம் போவது

விட்டம், ஆழம், திருப்பம், தண்ணீர், படலம், யூனிட் எல்லாம் பார்த்தபின்னும் எண் சந்தேகமாக இருந்தால், அல்லது அந்த எண்ணை வைத்துக் காசு கைமாறுகிறது என்றால், காலிபரேஷன். என்.ஏ.பி.எல். (லேபுகளை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபாகப் பாருங்கள், அங்கீகாரம் காற்று ஓட்டத்துக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பிரஷர் கேஜுக்கு மட்டும் அங்கீகாரம் வைத்திருப்பவர்களும் சான்றிதழ் அடித்துத் தருவார்கள். கோவைப் பக்கத்துக்காரர்களுக்கு வாளையார் தாண்டினால் பாலக்காடு கஞ்சிக்கோட்டில் எஃப்.சி.ஆர்.ஐ. இருக்கிறது, ஓட்ட அளவிகளுக்கென்றே உள்ள மத்திய அரசு நிறுவனம்.

அனுப்பும்போது ப்ரோப்பை மட்டும் கழற்றி அனுப்ப வேண்டாம். ப்ரோப்பும் அதன் தலையில் உள்ள எலக்ட்ரானிக்ஸும் ஜோடியாகக் காலிபரேட் ஆனவை, இரண்டின் சீரியல் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கூடவே குழாயின் அளந்த உள்விட்டம், லைன் பிரஷர், வழக்கமாக ஓடும் குறைந்த, அதிக அளவு, எந்த வெப்பநிலை அழுத்தத்துக்கு எண் வேண்டும் என்ற நாலையும் ஒரு தாளில் எழுதி பெட்டிக்குள் வையுங்கள். முனைக்கு உறை போட மறந்துவிடாதீர்கள்; பஸ் பார்சலில் அடிபட்டு வளைந்த ப்ரோப்பை எந்த லேபும் நிமிர்த்தித் தராது.